கை ஆடிய துண்டு

என் தங்கை கணவரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் படக்காரர். புதிதாகக் குடிவந்தவர்கள் சினிமாவில் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்து ஒரு வாரம் பணிவாகச் சிரிப்பார்கள். விஷயம் தெரிந்ததும் சாதாரணமாகச் சிரிப்பார்கள்.

அவருக்கு வேலை ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். தையல் மெஷின் மெக்கானிக். நீளமான கூடத்தில் வரிசை வரிசையாக மெஷின்கள் ஓடும். ஒன்று நின்றுவிட்டால் அதில் தைப்பவள் கையைத் தூக்குவாள், இவர் ஸ்குரூடிரைவரோடு போய் நிற்பார். நாள் முழுக்க எண்ணெயும் நூல் தூசியும்தான். ஒருமுறை அந்தத் தொழிற்சாலையில் வேண்டாத சாமான்களை அள்ளி வெளியே கொட்டினார்கள். அதில் கைப்பெட்டி அளவுக்கு ஒரு பழைய புரொஜெக்டர் கிடந்தது. மெஷினில் துணி எப்படித் தத்தித் தத்தி நகர்கிறதோ அப்படித்தான் இதிலும் பிலிம் நகர்கிறது என்று கண்டுபிடித்து, அறுந்த பெல்ட்டுக்குப் பதில் தையல் மெஷின் பெல்ட்டை மாட்டி, அதை ஓடவைத்துவிட்டார். கல்யாணமான புதிது அது. என் தங்கை அன்றைக்கு மாடியேறி என் வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்க மாப்பிள்ளை எனக்கு ஒரு சக்களத்தியைக் கூட்டிக்கிட்டு வந்துட்டார்" என்றாள்.

அந்த மெஷினில் ஓடுவது சினிமாக் கொட்டகையின் அகலமான பிலிம் இல்லை. எட்டு எம்.எம். என்பார்கள், சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் இருக்கும். ஒரு காலத்தில் வசதியுள்ள குடும்பங்கள் சின்னக் கேமரா வாங்கி, குழந்தை தவழ்வதையும் புதுக் கார் வாசலில் நிற்பதையும் எடுத்து, வீட்டுச் சுவரில் போட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். வீடியோ வந்ததும் அதையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டார்கள். மாப்பிள்ளை அங்கே போய் அள்ளிக்கொண்டு வந்தார். நடைவழியில் இரண்டு பக்கமும் அலமாரி, அலமாரி முழுக்கச் சுருள்கள். ஒவ்வொன்றின் மேலும் அவர் கையெழுத்தில் சீட்டு. 'கடற்கரை, நாய்.' 'ரயில் நிலையம், அழும் பையன்.' 'புதுக் கார், பெரியவர் தடுக்கி விழுகிறார்.' யார் வீட்டு நாயோ, யார் வீட்டுப் பெரியவரோ. எங்களுக்கு மட்டும் எல்லோரும் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் கூடத்தில் படுக்கை விரிப்பை ஆணியில் மாட்டுவார், இஸ்திரி போடும் மேஜையில் புரொஜெக்டரை வைப்பார், திரைச்சீலையை இழுத்துவிடுவார். நானும் தங்கையும் தரையில் உட்கார்ந்துகொள்வோம். எனக்கு அப்போது தொலைபேசி நிலையத்தில் வேலை. காலையிலிருந்து முகமில்லாத குரல்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தால், இங்கே குரலில்லாத முகங்கள். அந்தப் படங்களுக்குச் சத்தமே கிடையாது. வாயசையும், அவ்வளவுதான். என் வாய் சும்மா இருக்குமா? கடற்கரையில் ஒரு குண்டு மனிதர் பெண்டாட்டியைப் பார்த்து ஏதோ கை நீட்டிச் சொல்லுவார். என் தங்கை கட்டைக் குரலில், "கிளம்பறப்ப அடுப்பை அணைச்சியா?" என்பாள். அந்தப் பெண்மணி திரும்பி வாயைத் திறந்ததும் நான், "கடைசியா வெளியே வந்தது நீங்கதானே?" என்பேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மாப்பிள்ளை மட்டும் சேரமாட்டார். ஊமைப் படத்தை ஊமையாகப் பார்க்கவேண்டும் என்பது அவர் கட்சி. பிலிம் எங்காவது சிக்கி நின்றால் விளக்குச் சூட்டில் அந்த இடம் பொசுங்கிவிடும் என்று சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். படம் பார்த்தாரோ இல்லையோ, பிலிமைப் பார்த்தார்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. ஆடுகிற படம் அவருக்கு ஆகாது. எடுத்தவன் கை நடுங்கியிருந்தாலோ, கேமரா சரிந்து தரையைக் காட்டினாலோ, அந்த இடத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டிவிடுவார். எறிந்துவிட்டு என்று சொன்னது தப்பு. அவர் எதையும் எறிகிற ரகமில்லை. வெட்டிய துண்டுகளை ஒரு செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டியில் போடுவார். மூடிகூட இல்லாத பெட்டி, அலமாரி உச்சியில் கிடக்கும். ஊரான் வீட்டுப் படத்தை வெட்ட நீங்கள் யார் என்று என் தங்கை சண்டைக்குப் போவாள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஊரான் வீட்டுப் படமாகவே பார்த்துக்கொண்டிருந்த வீட்டில் ஒரே ஒரு படம் எங்களுடையது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

தொழிற்சாலை மேனேஜருடைய கேமரா ரிப்பேருக்கு வீட்டில் இருந்தபோது, சோதித்துப் பார்க்கக் கொடுத்ததில் ஒரு சுருள் பிலிம் மிஞ்சியது. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும், அவ்வளவுதான். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது. அவளை என்னிடம் தூங்கவிட்டுவிட்டு இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். வெயில் சாய்கிற நேரம். மேலே சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தேன்.

பிலிம் கழுவி வந்ததும் போட்டுக் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து என் தங்கை நடந்து வருகிறாள். கண் கூசுகிறது, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொள்கிறாள். கொடியிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போடுகிறாள். எதையோ சொல்லிவிட்டு ஒரு துண்டைச் சுருட்டிக் கேமரா மேல் எறிகிறாள். கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், சுவரிலிருந்தவளுக்குக் குரல் கொடுத்தாள்: "முதல்ல வந்து துணியை எடுங்க. அப்புறம் என்னை எடுக்கலாம்." அந்த இடத்தில் மாப்பிள்ளை சுவிட்சைத் தட்டி நிறுத்திவிட்டார். மிச்சம் இருக்கிறதே என்றேன். "அப்புறம் நான்தான் அக்கா. இவ எடுத்தது. ஒரே ஆட்டம்" என்றார். "சிரிச்சா கை ஆடாதா?" என்றாள் தங்கை. மறுநாள் அந்தத் துண்டு அட்டைப் பெட்டிக்குப் போயிருக்கவேண்டும். நான் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவில்லை.

அடுத்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். இரண்டு ஆஸ்பத்திரி மாற்றினோம். பிழைத்து எழவில்லை. இதை நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

குழந்தையை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்றால் பிரித்துக்கொண்டு போகவில்லை. அவர் கீழே, நான் மேலே, நடுவில் படிக்கட்டு. பாப்பா இரண்டு வீட்டிலும் வளர்ந்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போனார், வந்தார், சோற்றைப் பிசைந்தார். ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு புரொஜெக்டர் ஓட்டுகிற சத்தம் கேட்டது. எந்தப் படம் என்று கேட்கவேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் படியேறி வந்தார். "கோடு விழுந்துடுச்சு அக்கா. அவ முகத்து மேலயே" என்றார்.

புரொஜெக்டருக்குள் ஏதோ தூசி. அது பிலிமைக் கீறிவிட்டது. இந்தப் பிலிமுக்கு நெகட்டிவ் என்று தனியாக ஒன்று கிடையாது. கேமராவில் போனதேதான் கழுவி வருகிறது, அதேதான் ஓடுகிறது. அது போனால் போனதுதான். அன்றைக்கே அதைச் சுருட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, தகர டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பீரோவின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். இனிமேல் அதை ஓட்டுவதில்லை என்றார். துக்கத்தில் சொல்கிறார், கொஞ்ச நாள் போனால் மனசு மாறும் என்று விட்டுவிட்டேன்.

மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் மட்டும் திரும்பத் தொடங்கின. இப்போது தரையில் நானும் பாப்பாவும். தங்கையின் கட்டைக் குரல் பாப்பாவுக்கு எப்படியோ வந்துவிட்டது. அடுப்பை அணைச்சியா என்று அவள் கேட்டால் எனக்குச் சிரிப்பும் வரும், பக்கத்தில் தங்கைதானோ என்று திரும்பியும் பார்ப்பேன். விவரம் தெரிந்ததும் ஒருநாள் அவள் கேட்டாள், எல்லார் வீட்டு அம்மாவும் சுவரில் வருகிறார்களே, நம் அம்மா எப்போது வருவாள் என்று. மாப்பிள்ளை புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டே, ஓட்டினால் தேயும் என்றார். பெரியவளானதும் பார்க்கலாம் என்றார். பெரியவளானாள். படிப்பு முடியட்டும் என்றார். படிப்பு முடிந்தது. விசேஷமாக ஒருநாள் போடலாம் என்றார். எது விசேஷம் என்று அவருக்கே தெரியாது.

எனக்கும் அவருக்கும் இதில் நடக்காத சண்டை இல்லை. யாருமே பார்க்காத படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், ஊறவா போடப்போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். கடையில் கொடுத்தால் வீடியோவாக மாற்றித் தருகிறார்களாமே என்று தலையால் அடித்துக்கொண்டேன். அலமாரியிலிருந்த ஊரார் சுருள் ஒன்றை அப்படிக் கொடுத்து, பிலிம் ஓரத்துப் பல் ஓட்டையெல்லாம் கிழிந்து திரும்பி வந்ததை எடுத்துக் காட்டினார். அதற்குமேல் பேச்சில்லை. கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், எழுந்து போய் எதையாவது எண்ணெய் போட்டுத் துடைப்பார். அந்த வீட்டில் கீல் கிறீச்சிட்டு நான் கேட்டதேயில்லை.

அதனால் பாப்பாவுக்கு அந்தப் படத்தைக் காட்டியது நான்தான், வாயால். தொட்டி, வெயில், நெற்றிக்கு மேல் கை, கொடி, துண்டு. எத்தனை தடவை சொன்னேனோ, சொல்லிச் சொல்லி அதுவும் தேய்ந்துபோயிற்று. முதலில் எடுத்தது சட்டையா, விரிப்பா, எனக்கே நிச்சயமில்லை. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேனா, போன தடவை சொன்னதைச் சொல்கிறேனா என்று நடுவில் சந்தேகம் வந்து நிறுத்திவிடுவேன்.

பாப்பா படித்து பிசியோதெரபிஸ்ட் ஆனாள். காலொடிந்தவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் மறுபடி நடக்கவைப்பது அவள் வேலை. தெருவில் போகிறவர்களின் நடையைப் பார்த்தே இவருக்கு இடுப்பு, இவருக்கு முட்டி என்பாள். உறவுக்காரர்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம், அப்படியே அம்மா நடை என்பார்கள். இடது பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைத்து நடப்பாள். என் தங்கையும் அப்படித்தான். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிற பாப்பா, வேலைக்குப் போன பிறகு சிரிப்பதில்லை. ஒருநாள் அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள். "போட்டோல அம்மா எல்லாரும் நிக்கற மாதிரி நிக்கறாங்கப்பா. எனக்கு அவங்க நடந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவர் எழுந்துபோனார். ஆனால் அன்றைக்கு எதையும் துடைக்கவில்லை.

இடையில் ஒன்று நடந்திருந்தது. அலமாரியில் சில சுருள்கள் புளிக்கத் தொடங்கின. இந்தப் பிலிமுக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. வயதானால் உள்ளுக்குள்ளேயே கெட்டு வினிகர் வாடை அடிக்கும், பிறகு சுருங்கும், நெளியும், கடைசியில் பொடியாகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் தொற்றுமாம். மாப்பிள்ளைக்கு மூக்கு கூர்மை. வாசலில் நுழையும்போதே எந்தத் தட்டில் வாடை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டதைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் வைப்பார். அந்த வாடை பீரோவுக்குள் போய்த் தங்கையின் படத்தைத் தொட்டுவிடக்கூடாதென்று பயந்து, வருஷா வருஷம் டப்பாவை எடுத்து, திறக்காமல், பழைய டேப்புக்கு மேலேயே புது டேப்பைச் சுற்றினார். டப்பா தடித்துக்கொண்டே வந்தது. அதைச் சுற்றும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். பெண்டாட்டிக்கு இவ்வளவாவது செய்ய முடிகிறதே என்கிற திருப்தி. அதைப் பார்த்தால் எனக்கும் திட்ட மனசு வராது.

பாப்பாவுக்கு வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. போனால் வருஷக்கணக்கில் ஆகும். எதையும் எடுத்துப்போக வேண்டாம், அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை ஓட்டுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன் என்றாள். அம்மா போனபோது இருந்த வயதைத் தான் தாண்டிவிட்டதையும் சொன்னாள். அது அவரை அசைத்துவிட்டது. சரி என்றார். விசேஷமான நாள் அதுதான் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. விரிப்பைத் துவைத்து இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். புரொஜெக்டரின் பிலிம் போகிற பாதையை எத்தனை முறை துடைத்தாரோ. வெள்ளைப் பருத்தி உறையைக் கைகளில் மாட்டிக்கொண்டு டப்பாவை மடியில் வைத்து டேப்பைப் பிரித்தார். மேலே இருந்தது சுலபமாக வந்தது. அடியில் போகப் போகப் பழைய டேப், பிசினாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. பாப்பா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். கடைசிச் சுற்று வரும்போதே அவர் கை நின்றுவிட்டது. மூடி இன்னும் திறக்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, ஜன்னலைத் திறங்க" என்றார்.

மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க வாடை. எனக்குக் கண்ணே எரிந்தது. உள்ளே சுருள் வட்டமாகவே இல்லை, நெளிந்து, கட்டியாகி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. நுனியை எடுக்கப் பார்த்தார். ஒடிந்தது. அடுத்த நுனியும் ஒடிந்தது. படம் இருந்த பூச்சு, பழைய சுவரில் சுண்ணாம்பு உரிகிற மாதிரி உரிந்து அவருடைய வெள்ளை உறை மேல் விழுந்தது. பாப்பா குனிந்து அந்தத் துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். இதுதான் அம்மாவா என்று கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

நான் திட்ட வாயெடுத்தேன். இத்தனை வருஷத்துக் கோபமும் நாக்கு நுனிக்கு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டேன். மடியில் டப்பாவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தானாகச் சொன்னார். வாடை வெளியிலிருந்து வரவில்லை, பிலிமுக்குள்ளிருந்தே வந்தது. வந்தது வெளியே போக வழியில்லை. மற்றதெல்லாம் வாராவாரம் சுருளிலிருந்து சுருளுக்கு ஓடி, காற்று பட்டு, பிழைத்துக்கிடக்கிறது. "இது ஒண்ணுக்குத்தான் நான் மூச்சு விடாம கட்டினேன். ஓட்டிக்கிட்டே இருந்திருந்தா கோடு விழுந்திருக்கும் அக்கா. கோடோட இருந்திருப்பா."

அடுத்த வாரம் விரிப்பு மாட்டவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். ஊரார் வீட்டு நாயும் பெரியவரும் எதற்கு எனக்கு என்றார். அந்தச் சுருள்களைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அதுவும் ஒரு நியாயம்தான். யார் யாரோ குத்துக்கல்லாக இருக்க, இருக்கவேண்டியது மட்டும் போய்விட்டால் பிடிக்குமா? பாப்பா தடுக்கவில்லை. மூட்டை கட்ட ஒத்தாசை செய்தாள். அவள் கோபமாக இருந்தாளா என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மா கோபத்தைக் காட்டுவாள், இவள் அப்பாவைக் கொண்டிருக்கிறாள், துடைப்பாள். அன்றைக்கு அலமாரித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உச்சித் தட்டைத் துடைக்க ஸ்டூலில் ஏறியபோது அட்டைப் பெட்டி கையில் வந்தது. உள்ளே சுருட்டைமுடி மாதிரி பிலிம் துண்டுகள், மேலே தூசி. இது குப்பைக்கா, மூட்டைக்கா என்று கேட்டாள். குப்பைக்கு என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். அவள் ஒரு துண்டை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதைப் போட்டுவிட்டு இன்னொன்று. எல்லாம் ஆடின படம்தான், தலையில்லாத உடம்பு, சாய்ந்த வானம், யாருடையதோ செருப்பு. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமான ஒன்றைப் பிடித்தவள், அப்படியே நின்றாள்.

"அப்பா, இது நீங்க மாதிரி இருக்கே."

அவர் வந்து பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். நகர்த்த நகர்த்த அவர் கை ஆடத் தொடங்கியது. ஆடுகிற படத்தைப் பொறுக்காத மனிதர், கண்ணாடியை நேராகப் பிடிக்கமுடியாமல் என்னிடம் கொடுத்துவிட்டார். அவள் எடுத்தது, வேண்டாமென்று வெட்டிப் போட்டேனே என்றார். துண்டில் வாடை இல்லை. ஓரம் நேராக இருந்தது. மூடியில்லாத பெட்டியில் இத்தனை வருஷம் காற்று வாங்கிக்கொண்டு கிடந்திருக்கிறது.

ஓட்டுங்கள் என்றாள் பாப்பா. தேயும் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். சொல்லவில்லை. மூட்டையைப் பிரித்து, படமில்லாத வெறும் பிலிம் எடுத்து, துண்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒட்டினார். மூட்டைக்குள்ளிருந்து புரொஜெக்டரை வெளியே எடுத்தார். விரிப்பைத் தேட யாருக்கும் பொறுமையில்லை, வெறும் சுவரே போதும் என்றோம். திரைச்சீலையை இழுத்துவிட்டு நானும் பாப்பாவும் தரையில் உட்கார்ந்தோம்.

வெள்ளைச் சுவர் கொஞ்ச நேரம் துடித்தது. பிறகு மொட்டைமாடி. தூரத்தில், தொட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, தலைநிறைய முடியோடு, ஒல்லியாக, தோளில் துணிக்குவியலோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். படம் குலுங்குகிறது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எடுக்கிறவளின் முதுகில் வெயில், அதனால் அவளுடைய நிழல் தரையில் நீளமாக அவரை நோக்கிக் கிடந்தது. தலை தெரிந்தது, கேமராவைத் தூக்கிப் பிடித்த இரண்டு முழங்கைகளும் தெரிந்தன. நிழல் நகர ஆரம்பித்தது. அவரிடம் நடந்துபோகிறாள். நடக்கிறபோது கேமரா கீழே சாய்ந்துவிட்டது. சுவர் முழுக்கத் தரையும் இரண்டு வெறும் பாதங்களும். ஒரு அடி, இன்னொரு அடி, இன்னும் கொஞ்சம். இடது பாதம் வெளியே திரும்பித் திரும்பி விழுந்தது.

பாப்பா தன்னுடைய இடது காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கேமரா நிமிர்ந்தது. இப்போது அவர் முகம் கிட்டத்தில். சிரிக்கிறார், ஏதோ சொல்கிறார், உள்ளங்கையை நீட்டிக்கொண்டு வருகிறார். கை பெரிதாகி, சுவரை மூடி, இருட்டாயிற்று. அவ்வளவுதான் படம். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட இல்லை.

மறுபடி என்று பாப்பா கேட்டாள். பிலிமைச் சுற்றி மறுபடி ஓட்டினார். திரும்பவும் நிழல், திரும்பவும் பாதங்கள். அவள் இந்த முறை அழுதுகொண்டே பார்த்தாள். இடது பாதம், இடது பாதம் என்று முணுமுணுத்தாள். முகம் கிட்டத்தில் வந்து வாயசைந்ததும் என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, குரல் குடுங்க. அப்பா என்ன சொல்றார்?" என்றாள்.

எத்தனையோ வாய்களுக்குக் குரல் கொடுத்தவள் நான். இந்த வாய் சொன்னது எனக்கு நன்றாகத் தெரிந்தது, யாரும் படித்துவிடலாம். ஆனால் எனக்குக் குரல் வரவில்லை. புரொஜெக்டர் மட்டும் தையல் மெஷின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

எங்களுக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளைதான் சொன்னார். எந்தப் படத்துக்கும் வாய் திறக்காதவர்.

"போதும், நிறுத்து. பிலிம் வீணாகுதுன்னு சொல்றேன்மா."

சுவரில் அவருடைய கை வந்து மூடியது.